வெயிலும் ஓர் உணவே

பிராணிகளை இல்லத்தே பேணி வளர்த்தல் நம் நாட்டார்க்குப் புதியதொன்றன்று. பசுவும் நாயும் பூனையும் நெடுங்காலமாக நம்மோடு உடனுறைந்து வருகின்றன. அண்மைக் காலத்தே பல்லியினத்துப் பிராணிகளும் அவ்வரிசையில் வந்து சேர்ந்துள்ளன. அவற்றுள் பலரும் விரும்பி வாங்குவது இகுவானா என்னும் பச்சை ஓந்தி. மத்திய அமெரிக்காவிலும் தென்னமெரிக்காவிலும் மரக்கிளைகளின்மீது வெயில் காய்ந்து வாழும் அது, இங்கே கண்ணாடிப் பெட்டியுள் அடங்கி வாழ்கின்றது. அதற்கு வேண்டுவன யாவை என்பதைப் பலர் எண்ணாமையால் விளையும் கேட்டினைக் குறித்துச் சில கூற விழைகின்றோம்.

சென்ற கோடையில் சாரத்திலே நண்பர் ஒருவரைக் காணச் சென்றிருந்தோம். அவர் வீட்டுக் கூடத்தில், மூடிய சன்னலை அடுத்து, அழகியதொரு கண்ணாடிப் பெட்டி இருந்தது. அதன் மேலே வெண்ணிற எல்.இ.டி. விளக்கு ஒன்று பளிச்சென்று எரிந்தது. உள்ளே கிடந்த இகுவானாவின் தாடை வீங்கியிருந்தது, முன்னங்கால்கள் வளைந்திருந்தன, விரல்கள் நடுங்கின. "நாள் தவறாமல் பசலைக்கீரை நறுக்கிப் போடுகிறோம், சன்னல் வழியே வெயிலும் விழுகிறது, பின் ஏன் ஐயா இப்படி ஆயிற்று?" என்று நண்பர் வினவினார். அருகில் நின்ற அவர்தம் சிறு மகளின் கண்கள் கலங்கியிருந்தன. அவ்வீட்டில் அன்புக்குக் குறைவில்லை. அறியாமையே அப்பிராணியை வருத்தியது.

உண்மை யாதெனில், இகுவானாவுக்கு வெயில் வெளிச்சம் மட்டுமன்று. அஃது உணவின் ஒரு பகுதியுமாம். சூரிய ஒளியில் நம் கண்ணுக்குப் புலனாகாத புற ஊதாக் கதிர்கள் உள்ளன. அவற்றுள் 'பி' வகைக் கதிர் தோலிற் படும்போது வைட்டமின் டி உண்டாகத் தொடங்குகின்றது. உடற்சூடு அவ்வேலையை நிறைவேற்றுகின்றது. அந்த வைட்டமின் இன்றேல், தின்ற கீரையிலுள்ள சுண்ணாம்புச் சத்து குடலிலிருந்து இரத்தத்திற் சேர்வது அரிது. இரத்தத்திற் சத்துக் குறையவே, உடல் தன் எலும்பையே கரைத்து அக்குறையை நிரப்புகின்றது. தாடை மென்மையாவதும் கால் வளைவதும் இதனால் வருவனவே. பசலைக்கீரையோ ஆக்ஸாலிக் அமிலம் மிக்கது. உள்ள சுண்ணாம்புச் சத்தையும் அது கட்டிவிடும்.

'சன்னல் வெயில் போதாதோ?' எனின், போதாது. வெளிச்சத்தை விடுகின்ற கண்ணாடி, 'பி' வகைக் கதிரைப் பெரிதும் தடுத்துவிடுகின்றது. பெர்லின் நகரத்து மருத்துவர் குர்ட் ஹுல்ட்ஷின்ஸ்கி, 1919ஆம் ஆண்டில், ரிக்கெட்ஸ் நோயால் எலும்பு நலிந்த குழந்தைகளைப் பாதரச விளக்கொளியால் குணப்படுத்திக் காட்டினார். அவ்விளக்கின் குழல் சாதாரணக் கண்ணாடியால் ஆகாமல், இக்கதிரை வெளிவிடும் குவார்ட்ஸினால் ஆனது என்பது கருதத்தக்கது. மனிதக் குழந்தையை வருத்திய குறையும் கூண்டிலுள்ள ஓந்தியை வருத்தும் குறையும் ஏறக்குறைய ஒன்றே.

ஆயின் செய்யற்பாலது யாது? சாரத்து வீடுகளுள் மொட்டைமாடி உடையவை பல. கம்பிவலைக் கூண்டொன்றில், பாதி வெயிலும் பாதி நிழலுமாக அமைத்து, தண்ணீரும் வைத்து, காலை எட்டு மணிக்குமேல் சிறிது நேரம் அங்கே விடுதல் நன்று. கண்ணாடிப் பெட்டியோடு வெயிலில் வைத்தல் கூடவே கூடாது. அஃது அடுப்பாகிப் பிராணியைக் கொன்றுவிடும். மாடியில்லாதார் ஊர்வனவற்றிற்கென விற்கப்படும் புற ஊதாக் குழல்விளக்கை நாடோறும் பன்னிரண்டு மணி நேரம் ஏற்றி, இரவில் முழு இருள் தருதல் வேண்டும். அவ்விளக்கு வெளிச்சம் தந்துகொண்டிருக்கும்போதே அதன் கதிர் மெலிந்துவிடும். ஆதலின் ஆறு முதல் பன்னிரண்டு திங்களுக்குள் அதனை மாற்றுதல் வேண்டும். வெயில் காயும் இடத்தில் ஏறத்தாழ 35 பாகை செல்சியஸ் வெப்பமும், விலகியிருக்கக் குளிர்ந்த மூலையும் வேண்டும். அகத்திக்கீரையும் செம்பருத்தி இலையும் பூவும் நல்லுணவாம். கூண்டைத் தொட்டபின் சோப்பிட்டுக் கை கழுவுதலும் இன்றியமையாதது. சால்மோனெல்லா என்னும் கிருமி நலமாயுள்ள ஊர்வனவற்றிடத்தும் இருக்கக்கூடும்.

இவையெல்லாம் பெருந்தொல்லை என்பார் வாங்காதிருத்தலே அறம். கையளவாய் வரும் குஞ்சு, வாலோடு ஐந்தடிக்கு மேலும் வளரும். பத்தாண்டைக் கடந்தும் வாழும். சட்டமும் இங்கே நினைவிற்குரியது. நம் நாட்டு உடும்பை வீட்டில் வைத்தல் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தால் விலக்கப்பட்டது. இகுவானா போன்ற அயல்நாட்டு உயிர்களை வைத்திருப்போர் அதனைப் பதிவு செய்தல் வேண்டுமென 2024ஆம் ஆண்டு விதிகள் கூறுகின்றன. கண்டு மகிழ்தலே நோக்கமாயின், கிழக்குக் கடற்கரைச் சாலையில், வடநெம்மேலியில், 1976 முதல் நடந்துவரும் முதலைப் பண்ணைக்குச் சென்று ஊர்வனவற்றைக் காணலாம்.

நம் நண்பர் மறுநாளே கால்நடை மருத்துவரை நாடினார். மருந்தோடு மாடி வெயிலும் கிட்டிற்று. சில திங்களில் நடுக்கம் நின்றது. பிராணி தானே இரை தின்னலாயிற்று. வளைந்த கால்களோ நிமிரவில்லை. காலத்தே அறியாத ஒன்றைப் பின்னர் அறிதலால் முழுப்பயன் இல்லை என்பதற்கு அக்கால்களே சான்று.

மாணவ நண்பர்களே! ஓர் உயிரைக் கூண்டில் அடைக்குங்கால் அதன் இரையை மட்டுமன்றி, அதன் ஞாயிற்றையும் நாம் கைக்கொள்கின்றோம். பறித்ததைத் திருப்பிக் கொடுக்க இயலாதார் பெட்டியை வாங்கலாகாது. வாங்கியோர் இன்றே மாடிக் கதவைத் திறப்பாராக.