வீடு திரும்பும் பிள்ளைகள்

வன்கொடுமைக்கோ கடுமையான புறக்கணிப்புக்கோ ஆளாகும் பிள்ளைகளை வீட்டிலிருந்து அழைத்துச் சென்று பாதுகாப்பான இடத்தில் வளர்க்க, சிங்கப்பூரின் சிறுவர், இளையர் சட்டம் வழி செய்கிறது. அவர்கள் உறவினரிடமோ வளர்ப்புப் பெற்றோரிடமோ சிறுவர் இல்லத்திலோ வளரலாம். எனினும், இது பெரும்பாலும் தற்காலிக ஏற்பாடே. வீட்டுச் சூழல் சீரானதும் பிள்ளைகள் மீண்டும் பெற்றோரிடம் சேர வேண்டும் என்பதே நோக்கம். அந்த நோக்கம் சரியானதுதான். ஆனால், எப்போது, எவ்வாறு திரும்புகிறார்கள் என்பதைப் பொறுத்தே அதன் பயன் அமையும்.

வீடு திரும்புவதால் விளையும் நன்மைகள் பல. வெவ்வேறு இடங்களில் வளர்ந்த உடன்பிறப்புகள் ஒன்றுசேர்கிறார்கள். தாய்மொழியும் சமயமும் குடும்பப் பழக்கவழக்கங்களும் கைவிட்டுப் போவதில்லை. வேறு மொழி பேசும் சூழலில் சில ஆண்டுகள் வளரும் தமிழ்க் குழந்தை, தன் பாட்டியிடம் பேசச் சொற்களின்றித் தவிக்க நேரலாம். பராமரிப்பு முடிந்து வெளியேறும் இளையருக்கும் சாய்ந்துகொள்ளத் தோள் ஒன்று தேவை. ஆகவேதான், 1989இல் ஐக்கிய நாடுகள் சபை ஏற்றுக்கொண்ட குழந்தை உரிமைகள் உடன்படிக்கை, தக்க காரணமின்றிப் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரிக்கக் கூடாது என்கிறது. சிங்கப்பூரும் மலேசியாவும் 1995இல் அதில் இணைந்தன.

குடும்பச் சூழலின் அருமையை ஆய்வுகளும் உணர்த்துகின்றன. ருமேனியாவின் தலைநகரான புக்கரெஸ்ட்டில் 2000ஆம் ஆண்டில் ஓர் ஆய்வு தொடங்கியது. காப்பகங்களில் இருந்த 136 குழந்தைகளுள் பாதிப் பேர் வளர்ப்புக் குடும்பங்களில் சேர்க்கப்பட்டனர். அவர்கள் மற்றவர்களைவிட நன்றாக வளர்ந்தனர். இரண்டு வயதுக்கு முன் குடும்பத்தில் சேர்ந்தோர் கூடுதலாகப் பயனடைந்தனர். ஆயினும், ஒன்றை மறந்துவிடக் கூடாது. அந்தக் குடும்பங்கள் கவனமாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவை. சமூக ஊழியர்களின் ஆதரவையும் பெற்றவை. ஆகவே, எந்த வீடாக இருந்தாலும் போதும் என்பதற்கு இந்த ஆய்வு சான்றாகாது.

'தான் ஆடாவிட்டாலும் தன் தசை ஆடும்' என்பது பழமொழி. ஆனால், பாசம் இருக்கும் இடத்திலும் போதைப்பழக்கம், கடன், மனநோய், வன்முறை ஆகியவை இருக்கக்கூடும். அவை தீராமல் பிள்ளைகளைத் திருப்பி அனுப்பினால், அதே துன்பம் மீண்டும் நேரலாம். இரண்டாம் முறை பிரிக்கப்படும் பிள்ளை, 'என்னால்தானே இப்படி ஆனது' என்று தன்னையே நொந்துகொள்ளும். பள்ளியும் நண்பர்களும் மீண்டும் மாறலாம். நல்ல வீட்டிற்குத் திரும்பினாலும் ஓர் இழப்பு உண்டு. வளர்ப்புத் தாயை 'அம்மா' என்று அழைத்துப் பழகிய குழந்தைக்கு, அவரைப் பிரிவதும் பெரிய பிரிவே.

அப்படியானால், பிள்ளைகளைப் பராமரிப்பிலேயே விட்டுவிடலாமே எனச் சிலர் வாதிடுவர். ஆபத்தைத் தவிர்க்க அது எளிய வழியாகத் தோன்றலாம். ஆனால், 'எப்போது வீட்டிற்குப் போவேன்?' என்ற கேள்விக்கு விடை தெரியாமல் ஆண்டுக்கணக்கில் காத்திருப்பதும் பிள்ளையின் மனத்தை அரிக்கும். விரைந்து அனுப்பினால் பொதுப்பணம் மிச்சமாகும் என்போரும் உளர். அதுவும் பிழையான கணக்கு. பெற்றோருக்கு மனநல ஆலோசனை, போதை மறுவாழ்வு, சமூக ஊழியரின் தொடர் வருகை ஆகிய அனைத்திற்கும் பணம் தேவை. அந்தச் செலவைக் குறைத்தால், பிள்ளைதான் அதற்கு விலை கொடுக்க நேரிடும்.

எனவே, வீடு திரும்புதல் ஒரே நாளில் நடந்து முடிவதாக இருக்கலாகாது. முதலில் ஊழியரின் முன்னிலையில் சந்திப்பு, பிறகு வார இறுதி, அதன்பின் பள்ளி விடுமுறை எனப் படிப்படியாக நிகழ வேண்டும். திரும்பிய பின்னரும் கண்காணிப்பும் ஆதரவும் தொடர வேண்டும். அனைத்திற்கும் மேலாக, பிள்ளையின் கருத்தைப் பெரியவர்கள் கேட்டறிய வேண்டும். அதுவும் அந்த உடன்படிக்கை வழங்கும் உரிமையே. எவ்வளவு முயன்றும் வீடு பாதுகாப்பாக மாறாவிட்டால், வளர்ப்புக் குடும்பமே நிலையான இல்லமாக அமையலாம். சிங்கப்பூரில் 1956 முதல் நடப்பில் இருக்கும் வளர்ப்புப் பெற்றோர் திட்டம் அதற்குத் துணைநிற்கிறது.

இவ்விஷயத்தில் மாணவர்களுக்கும் பங்குண்டு. இடையில் பள்ளி மாறி வரும் தோழரிடம், 'ஏன் வந்தாய்? உன் பெற்றோர் எங்கே?' என்று துருவித் துருவிக் கேட்காமல், உணவு வேளையில் பக்கத்தில் இடம் கொடுத்தாலே போதும். பெற்றோர், அரசு, அண்டை அயலார், பள்ளி என அனைவரும் தாங்கிப் பிடித்தால்தான், வீடு திரும்பும் பிள்ளை அங்கே அச்சமின்றி வளர முடியும்.