சிறைப்பட்டோரும் வழக்குக் காகிதங்களும்

ஒருவன்மீது ஊரார் பழி கூறின், "யார் கூறினர்? என்ன கூறினர்?" என்று அவன் வினவுவது இயல்பு. வினவற்க என்று தடுப்பாரை நாம் நேர்மையாளர் என்னோம். வீட்டிற்கும் ஊர்ப் பொதுவிடத்திற்கும் ஒக்கும் இவ்வுண்மை, சிறைக் கதவின் உட்புறத்தே மட்டும் எளிதில் மறக்கப்பட்டு விடுகின்றது.

இவ்வழக்கு நம் சென்னை இராச்சியத்திலேயே மூண்டதொன்று. 1947 டிசம்பர் முதற் காவலிலிருந்த ஏ.கே. கோபாலன், 1950-ஆம் ஆண்டுத் தடுப்புக்காவற் சட்டத்தை எதிர்த்து உச்ச நீதிமன்றம் புகுந்தார். அச்சட்டத்தின் 14-ஆம் பிரிவு விந்தையானது. தன்னைச் சிறைவைத்த காரணங்களை எழுத்திற் பெற்ற கைதி, அவற்றை நீதிமன்றத்திற்கே வெளியிடலாகாதாம்! மருந்துச் சீட்டைக் கையிற் கொடுத்து, மருந்துக் கடையிற் காட்டாதே என்பதை இஃது ஒக்கும். சட்டத்தின் ஏனைய பகுதிகளை நிலைநிறுத்திய நீதிபதிகளும் இப்பிரிவைச் செல்லாதென்று தள்ளினர்.

நிற்க. காகிதம் கைக்கு வந்தால் மட்டும் போதுமா? தமிழன்றிப் பிறமொழி அறியாத ஒரு பெண்ணைத் தமிழ்நாட்டின் 1982-ஆம் ஆண்டு 14-ஆம் சட்டப்படி காவலில் வைத்து, ஆங்கிலத்திலிருந்த ரிமாண்டு உத்தரவை அம்மொழியிலேயே கொடுத்தனர். தமிழாக்கம் தாராமையால் அக்காவல் செல்லாதென 1999-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தமிழ்நாட்டில் தமிழ்ப் பிரதி பெறுதற்கு டெல்லிவரை செல்ல நேர்ந்ததே என்று நாணுவதன்றி வேறென் செய்வது?

அச்சட்டப்படி காரணங்களை ஐந்து நாட்களுக்குள் அறிவித்தல் வேண்டும். காவலோ பன்னிரண்டு மாதம்வரை நீளலாம். ஆலோசனைக் குழுவின்முன் வக்கீல் வைத்துக்கொள்ளும் உரிமையையும் அது தரவில்லை. ஆகவே, சின்ன வெங்காயம் பயிரிடும் பெரம்பலூர்க் குடியானவனாயினும், சுண்ணாம்புக்கற் சுரங்கத்தில் உழைக்கும் அரியலூர்த் தொழிலாளியாயினும், அச்சட்டத்தில் அகப்பட்டுத் திருச்சிராப்பள்ளி மத்திய சிறையில் அடைபட்டால், அவனுக்குற்ற வக்கீல் அக்காகிதக் கட்டு ஒன்றே.

ஏனை விசாரணைக் கைதிகள் நிலை யாது? 2024 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 230-ஆம் பிரிவு, குற்றம் சாட்டப்பட்டவன் நீதிமன்றில் தோன்றிய பதினான்கு நாட்களுக்குள் போலீஸ் அறிக்கை, வாக்குமூலம் முதலியவற்றின் பிரதிகளை இலவசமாக அளிக்கப் பணிக்கின்றது. நன்று. ஆயின், மின்னணு வடிவில் தந்தாலும் முறையாகத் தந்ததாகவே கொள்ளப்படும் என்றும் அப்பிரிவு கூறுகின்றது. வெளியிலுள்ளார்க்கு இது வசதியே. கணினியும் கைப்பேசியுமின்றி அறையிற் கிடப்பவன், விரலளவுப் பென்டிரைவை உள்ளங்கையில் வைத்து எதனைப் படிப்பான்?

சாட்சிகளுக்குத் தீங்கு நேருமே என்பர் சிலர். அவ்வச்சம் புறக்கணிக்கத் தக்கதன்று. எனினும், பொதுநலன் கருதி வாக்குமூலத்தின் ஒரு பகுதியை விலக்குமாறு காரணங் காட்டிப் போலீசார் மாஜிஸ்திரேட்டை வேண்டுதற்குச் சட்டமே வழி வைத்துள்ளது. ஒரு பகுதியை மறைத்தற்குரிய காரணம், முழுக்கட்டையும் படிக்கவொட்டாமற் செய்தற்குக் காரணமாகாது.

அடைபட்டவன் கேட்பின் அச்சிட்ட பிரதியே, அவனறிந்த மொழியிலே, தருவதென்று நீதிமன்றங்கள் விதித்தல் வேண்டும். அதுவரை, இரு மாவட்டங்களிலும் சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் சார்பிற் சிறைக்குச் செல்லும் நம் பழைய மாணவராகிய வக்கீல்கள், ஜாமீன் மனுவோடு அச்சுப் பிரதியொன்றையும் எடுத்துச் செல்லலாம். எழுத்தறியாதான் ஆயின், அருகிருந்து படித்தும் காட்டலாம்.