ஊர் திரும்பியாச்சு... கார்டில் பேர் இருக்கா?

வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களை வரவேற்க நாம் என்னவெல்லாம் செய்கிறோம்! வாடகைக் கார் பிடித்து விமான நிலையத்துக்கு ஓடுகிறோம். ஆரத்தி கரைத்து வைக்கிறோம். கோழிக் குழம்பு கொதிக்கிறது. பெட்டியைத் திறந்தால் நமக்கு என்ன வந்திருக்கிறது என்று எட்டியும் பார்க்கிறோம். ஆனால் திரும்பி வந்தவளுக்கு இங்கே ஒரு ரேஷன் கார்டாவது இருக்கிறதா என்று யாராவது கேட்கிறோமா? நானும் கேட்கவில்லை, சகோதரிகளே!

என் தங்கை சார்ஜாவில் ஐந்து வருஷம் இருந்தவள். மாப்பிள்ளை வேலை பார்த்த கம்பெனியை மூடிவிட்டார்கள். இரண்டு வயசுப் பையனோடு மதுரைக்கு வந்து, எங்கள் வீட்டு மாடியில் குடியேறினார்கள். வந்த மறுநாள்தான் மெல்லச் சொன்னாள், "அக்கா, நாள் தள்ளிப் போயிருக்கு. பத்து வாரம்."

"அப்படின்னா உடனே போய் நர்ஸம்மாகிட்டப் பதிஞ்சுட்டு வாடி" என்றேன்.

"வேண்டாம்க்கா. அஞ்சு வருஷம் ஃபாரின்ல இருந்தவ, இப்போ தர்மாஸ்பத்திரி வாசல்ல நிக்கிறான்னு நாலு பேர் பேசுவாங்க. அவருக்கு வேலை கிடைக்கட்டும். அப்புறம் பார்த்துக்கலாம்."

பிள்ளைத்தாய்ச்சி 'அப்புறம்' என்று சொல்லலாமா? டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதி உதவி என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். 1987-ல் தொடங்கியது. 2018-ல் பணமும் சத்துணவுப் பெட்டகமுமாக அதை 18,000 ரூபாய்க்கு உயர்த்தினார்கள். ஏழைக் குடும்பங்களுக்கு, முதல் இரண்டு பிரசவங்களுக்கு உண்டு. ஆனால் கர்ப்பமாகி 12 வாரத்துக்குள் பதிய வேண்டும். இவளுக்கு மிச்சம் இருந்ததோ இரண்டே வாரம்!

முற்றத்தில் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த என் மாமியார் இதையெல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

"இங்க வா தாயி, உக்காரு" என்று தங்கையைக் கூப்பிட்டார். "நானும் வெளிநாட்டுல இருந்து வந்தவதான். தெரியுமா?"

அத்தை பிறந்தது கண்டிச் சீமைத் தேயிலைத் தோட்டத்தில். 1964 அக்டோபர் 30-ல் சாஸ்திரியும் சிறிமாவோவும் போட்ட ஒப்பந்தம் ஞாபகம் இருக்கிறதா? மலையகத் தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வது என்று எழுதினார்கள். அப்படி வந்த குடும்பங்களில் இவர்களுடையதும் ஒன்று. 1972-ல் தலைமன்னாரில் கப்பலேறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமுக்கு வந்தபோது அத்தைக்கு இருபது வயசு.

"கையில இருந்ததெல்லாம் ஒரு கார்டு. ஃபேமிலி கார்டும்பாக. எங்க பேரு, வயசு, எந்த ஊருக்குப் போறோம், என்ன உதவி கிடைக்கும், எல்லாம் அதுலதான். ஆபீசுக்குப் போனா சிலோன்காரன்னு கேலி பண்ணுவாகன்னு உங்க மாமாவுக்குக் கூச்சம். தொழில் கடன் வாங்கித் தாரேன்னு ஒரு தரகன் வந்தான். கார்டை அவன் கையில குடுத்துட்டாரு. கடன் பத்திரத்துல கைநாட்டு எங்களது, காசு அவனுது! ரெண்டு வருஷம் கல்லு உடைச்சோம்."

வெங்காயத்தாலோ என்னவோ, அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அரசாங்கம் குடுக்கிறது பிச்சை இல்ல தாயி. உன் பேருக்கு எழுதி வெச்சது. நீ கூச்சப்பட்டா அது அடுத்தவன் பைக்குப் போயிரும்."

மறுநாள் புதன்கிழமை, தடுப்பூசி நாள். மூன்று பேருமாக நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனோம். நர்ஸம்மா சார்ஜா ஸ்கேன் காகிதத்தைப் பார்த்துப் பதிந்துகொண்டார். பதிவு எண்ணும் கொடுத்தார். பிறகு குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கும் அந்த எண் வேண்டுமாம், பத்திரமாக வைக்கச் சொன்னார்.

பையனின் தடுப்பூசி அட்டையையும் கையோடு கொண்டுபோனது நல்லதாயிற்று. நம் ஊரில் தட்டம்மை-ரூபெல்லா ஊசி 9 மாதத்தில் ஒன்று, 16 முதல் 24 மாதத்துக்குள் ஒன்று. அங்கே அட்டவணை வேறு. எது போட்டாச்சு, எது பாக்கி என்று ஒப்பிட்டுப் பார்த்துச் சொன்னார். 'அங்கே எல்லாம் போட்டாச்சு' என்று நாமாகவே முடிவு செய்துவிடக் கூடாது, என்ன?

அடுத்தது பையனின் பிறப்புச் சான்று. வெளிநாட்டில் பிறந்த குழந்தையை அங்குள்ள நம் தூதரகத்தில் பதிந்து, சான்றிதழை வாங்கி வர வேண்டும். தங்கை வாங்கி வந்திருந்தாள். அங்கே பதியாமல் வந்து, இங்கேயே தங்கப் போகிறவர்கள், குழந்தை இந்தியாவில் கால் வைத்த நாளிலிருந்து 60 நாளுக்குள் இங்கே பதியலாம். 1969-ஆம் வருஷத்துப் பிறப்பு-இறப்புப் பதிவுச் சட்டத்தில் இதற்கு இடம் இருக்கிறது. 60 நாள் தாண்டினால் தாமதப் பதிவு. அலைச்சலும் கூடும்.

ஆதாருக்கு முன்பெல்லாம் ஊர் திரும்பி 182 நாள் இருந்தாக வேண்டும். இந்தியப் பாஸ்போர்ட் உள்ளவர்களுக்கு 2019-ல் அந்தக் காத்திருப்பை எடுத்துவிட்டார்கள்.

சிக்கல் வந்தது ரேஷன் கார்டில்தான். கல்யாணமாகி ஏழு வருஷமாகியும், தங்கையின் பேர் திருமங்கலத்தில் எங்கள் அப்பா கார்டிலேயே இருந்தது! ஒருவர் பேர் இரண்டு கார்டில் இருக்க முடியாது. அங்கே நீக்கினால்தான் இங்கே புதுக் கார்டு. தனிச் சமையல் என்று காட்ட வேண்டும், முகவரிச் சான்று வேண்டும், வீட்டுக்கு வந்தும் விசாரிப்பார்கள்.

இ-சேவை மையத்து வாசலில் ஒருத்தர் எங்களை மடக்கினார். "எதுக்கும்மா அலையுறீங்க? மூவாயிரம் கொடுங்க. ஒரிஜினலையெல்லாம் வெச்சுட்டுப் போங்க. கார்டு வீடு தேடி வரும்."

வெயிலோ வெயில். பையன் தோளில் அழுகிறான். தங்கை பையைத் திறந்தாள். பாஸ்போர்ட், கல்யாணச் சான்று எல்லாம் வெளியே வந்தன. நானும் சும்மாதான் நின்றேன், பொய் சொல்வானேன்? சட்டென்று அவளே எல்லாவற்றையும் உள்ளே வைத்து ஜிப்பை இழுத்தாள்.

"வேண்டாண்ணே. வரிசையிலேயே நிக்கிறோம்."

ஒன்றரை மணி நேரம் நின்றோம். செலவானது சிறு கட்டணம்தான், அதற்கும் ரசீது கிடைத்தது.

ரேஷன் கார்டு அரிசி பருப்புக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். மருத்துவக் காப்பீட்டுக்கும் அதைத்தான் கேட்கிறார்கள். 2023 செப்டம்பர் 15-ல் மாதம் 1,000 ரூபாய் என்று மகளிர் உரிமைத் தொகை தொடங்கியபோதும், ஒரு கார்டுக்கு ஒரு பெண் என்றுதான் கணக்கு வைத்தார்கள். 21 வயது நிரம்பியிருக்க வேண்டும், குடும்ப வருமானம் வருஷம் இரண்டரை லட்சத்துக்குள் என்றெல்லாம் விதிகள் வைத்தார்கள். விதிகள் மாறலாம், அவ்வப்போது கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் கார்டே இல்லாதவள் எதைக் கேட்பாள்?

ஆகவே, உங்கள் வீட்டுப் பெண் வெளிநாடு போகிறாளா? போகும்போதே அவள் பேர் எந்தக் கார்டில் இருக்கிறது என்று பாருங்கள். திரும்பி வருகிறாளா? பெட்டியைத் திறக்கும் முன் அவள் காகிதப் பையைத் திறக்கச் சொல்லுங்கள். எல்லாவற்றுக்கும் நகல் எடுத்து வையுங்கள். அசலை யார் கையிலும் விட்டுவிட்டு வராதீர்கள்.

போன வாரம் கார்டு வந்துவிட்டது. தங்கை அதை நேரே அத்தையிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள். அத்தைக்கு எழுத்து அவ்வளவாகத் தெரியாது. முந்தானையால் துடைத்து, படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"உன் பேரு எதுன்னு காட்டு தாயி" என்றார்.

தங்கை விரல் வைத்துக் காட்டினாள்.