முள்ளிவாய்க்காலில் வடம் புதைப்பதற்கு முன்

முள்ளிவாய்க்காலில் தம் குடும்பத்தார் கட்டியிருக்கும் வீடு பற்றிக் கனடாவில் வாழும் வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். வீட்டிலிருந்து 40 மீற்றர் தள்ளி வாகனக் கொட்டகை இருக்கிறது. அங்கும் இணைய இணைப்பு வேண்டுமாம். ஒன்றரை அடி ஆழத்தில் கான் வெட்டி, குழாய்க்குள் வடத்தை இட்டு மூடினால் போதும்தானே என்று கேட்கிறார். ரொறன்ரோவில் போதும். முள்ளிவாய்க்காலில் போதாது என்பதே என் கருத்து.

முதலில் தொழில்நுட்பம். வழக்கமான செப்பு வடம் 100 மீற்றர் வரை செல்லும். ஆகவே தூரம் தடையன்று. மின்னல்தான் தடை. இரு கட்டடங்களுக்கும் தனித்தனிப் புவித்தொடுப்பு இருந்து, அருகில் மின்னல் விழுந்தால், இடையில் எழும் மின்னழுத்த வேறுபாடு செப்பு வழியே பாய்ந்து இரு முனைகளிலும் உள்ள கருவிகளைக் கருக்கிவிடும். உலோகம் கலவாத ஒளியிழை வடத்தில் இந்த ஆபத்து இல்லை. கட்டடத்திலிருந்து கட்டடத்துக்குச் செல்ல அதுவே உகந்தது.

இனி நிலத்துக்கு வருவோம். நந்திக்கடலுக்கும் பெருங்கடலுக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய மணல்நிலம் அது. 2009 மே மாதத்தில் பெருந்தொகையான மக்கள் அங்கே அடைபட்டிருந்தார்கள். தறப்பாள் கூடாரங்களுக்கு அருகே பதுங்கு குழிகள் வெட்டினார்கள். எறிகணையில் இறந்தவர்களை எடுத்துச் செல்ல இடமோ நேரமோ இல்லாதபோது அந்தக் குழிகளிலேயே மூடிவிட்டு நகர்ந்தார்கள். இன்று அங்கே மண்வெட்டி பிடிப்பவர் ஏற்கெனவே வெட்டி மூடப்பட்ட நிலத்தைத்தான் மீண்டும் வெட்டுகிறார்.

கண்ணிவெடி அகற்றப்பட்ட காணிதானே என்பார்கள். அகற்றும் பணி குறித்த ஓர் ஆழம் வரையில்தான் நடைபெறும்; அதற்குக் கீழே கிடக்கும் எறிகணைக்கு எந்தச் சான்றிதழும் பொறுப்பேற்பதில்லை.

இதைவிடப் பாரதூரமான விடயம் ஒன்று உண்டு. 2013 டிசெம்பரில் மன்னார் திருக்கேதீச்சரத்தில் மனிதப் புதைகுழி வெளிப்பட்டது நீர்க்குழாய்க்குத் தோண்டியபோது. 2023 ஜூன் 29இல், இதே முல்லைத்தீவு மாவட்டத்தின் கொக்குத்தொடுவாயில் எச்சங்கள் வெளிப்பட்டதும் நீர்க்குழாய்க்குத் தோண்டியபோதுதான். நீதிமன்ற மேற்பார்வையில் நடந்த அகழ்வு 2024 ஜூலையில் முடிந்தபோது, மீட்கப்பட்டவை 52 பேரின் எச்சங்கள். 2025இல் செம்மணியில் கட்டுமானத்துக்குத் தோண்டிய இடத்தில் 200க்கு மேற்பட்டோரின் எச்சங்கள் கிடைத்தன. காணாமற்போனோரைத் தேடுவதற்கென 2016இல் சட்டம் இயற்றி அலுவலகம் அமைத்த நாட்டில், புதைகுழிகளைக் கண்டுபிடித்துக் கொடுத்தவர்கள் கூலித் தொழிலாளர்கள். அவர்கள் தோண்டுவதை நிறுத்தியதால்தான் உலகம் அறிந்தது.

ஒரு வீட்டுக்காரர் அவ்வாறு நிறுத்துவாரா? பொலிஸ் வரும், நீதிமன்றம் வரும், வளவு வேலி போட்டு அடைக்கப்படும் என்று அஞ்சி, எலும்பைக் கண்டும் மண்ணைத் தள்ளி மூடிவிடுவதற்கே மனம் ஏவும். அந்த அச்சத்தை நான் குறைகூற மாட்டேன். ஆனால் ஒரு தாய் பதினாறு ஆண்டுகளுக்கு மேலாகத் தேடும் விடை அந்தக் கானுக்குள் இருக்கக்கூடும். உடைத்துணி, இலக்கத்தகடு, எலும்பு கிடந்த நிலை ஆகிய அனைத்தும் சாட்சியம். ஒருமுறை கலைந்தால் மீளாது.

ஆகவே அரசு செய்யவேண்டியது இது: எந்தக் காணி எந்த ஆழம் வரை துப்புரவு செய்யப்பட்டது என்ற பதிவைக் கிராம உத்தியோகத்தர் அலுவலகத்தில் எவரும் பார்க்க வைக்கவேண்டும். எச்சங்களைக் கண்டு அறிவிப்பவரின் காணிக்கும் பாதுகாப்புக்கும் எழுத்தில் உத்தரவாதம் தரவேண்டும்.

வாசகருக்கு என் ஆலோசனை எளியது. தோண்டாதீர்கள். தன்னைத்தானே தாங்கும் ஒளியிழை வடத்தைச் சுவரிலிருந்து சுவருக்கு, வாகனம் செல்லும் உயரத்துக்கு மேலாக இழுத்துக் கட்டுங்கள். 40 மீற்றருக்கு இடைத்தூண் தேவையில்லை. தோண்டித்தான் ஆகவேண்டுமென்றால் முதலில் கண்ணிவெடி அகற்றுவோரை அழைத்துக் காட்டுங்கள். எச்சம் எதையேனும் கண்டால் தொடாதீர்கள், நகர்த்தாதீர்கள். படம் எடுத்து, கிராம உத்தியோகத்தருக்கும் ஒரு சட்டத்தரணிக்கும் ஒரே நாளில் அறிவியுங்கள்.