ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரத்துக்கு எந்தச் சுற்றுலா வேண்டும்? எங்கள் நிலைப்பாடு

தளி, அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் சாலையோர மரங்களில் இன்று அதிகம் தொங்குவது பண்ணை வீட்டு மனை விளம்பரங்கள்தான். பெங்களூரு ஓசூரிலிருந்து 40 கிலோமீட்டர். வார இறுதியில் அத்திப்பள்ளி தாண்டி வருகிறவர்களுக்குக் குளிர்ந்த காற்றும் மலையும் ஏரியும் வேண்டும். அதை விற்கப் பலர் தயாராக இருக்கிறார்கள். சுற்றுலா வந்தால் ஊர் முன்னேறும் என்று மனைத் தரகர்களும் சொல்கிறார்கள், மேடையில் பேசுகிறவர்களும் சொல்கிறார்கள். மாநில அரசு 2023இல் வெளியிட்ட சுற்றுலாக் கொள்கை இத்துறைக்குத் தொழில் தகுதியே கொடுத்துவிட்டது. இந்த நிலையில் விவசாயிகளும் சிறு கடைக்காரர்களும் வாடகை வண்டி ஓட்டுநர்களும் ஆசிரியர்களும் சேர்ந்த எங்கள் அமைப்பு தன் கருத்தை வெளிப்படையாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

சுற்றுலாவை நாங்கள் வரவேற்கிறோம். ஆனால் யானைகள் வந்துபோகும் வழியிலும், காவிரி வடக்கு வனவிலங்கு சரணாலயத்தை ஒட்டிய கிராமங்களிலும் புதிதாக விடுதிக்கோ பண்ணை வீட்டு மனைப்பிரிவுக்கோ அனுமதி கொடுக்கக் கூடாது. ஏற்கெனவே உள்ளவற்றின் உரிமம், வேலி, ஆழ்துளைக் கிணறு ஆகியவற்றை மாவட்ட நிர்வாகம் நேரில் ஆய்வு செய்ய வேண்டும்.

நன்மை எப்படி வரும் என்பதற்குப் பக்கத்து மாவட்டத்து ஒகேனக்கல்லே சாட்சி. அங்கே ஒரு குடும்பம் வந்து இறங்கினால் மீன் விற்பவருக்கு ஒரு வியாபாரம். அந்த மீனைக் கழுவி, மசாலா தடவி, ஆற்றங்கரை அடுப்பில் வறுத்துக் கொடுக்கும் பெண்ணுக்குக் கூலி. எண்ணெய் தேய்த்துவிடுபவருக்கும் பரிசல் ஓட்டுபவருக்கும் தனித்தனியாக வருமானம். வந்தவர் எடுத்துக் கொடுக்கும் பணம் நாலைந்து உள்ளூர்க் கைகளுக்குப் போய்ச் சேர்கிறது, அதுவும் அன்றைக்கே. வெளியூர் முதலாளி கட்டிய சொகுசு விடுதியில் இது நடப்பதில்லை. முன்பதிவுப் பணம் செயலி வழியாகவே போய்விடுகிறது, மளிகையும் காய்கறியும் பெங்களூருவிலிருந்து வேனில் வருகின்றன. உள்ளூர்க்காரருக்கு மிஞ்சுவது காவலாளி வேலையும் துப்புரவு வேலையும். வளரும் நாடுகள் பலவற்றில் சுற்றுலாப் பணம் வந்த வழியே வெளியேறிவிடுகிறது என்று பொருளாதார அறிஞர்கள் பல காலமாகச் சொல்லிவருவதன் சிறு வடிவம்தான் இது.

அதே ஒகேனக்கல் இன்னொரு பாடமும் சொல்கிறது. கர்நாடக அணைகள் நிரம்பிக் காவிரியில் வெள்ளம் வந்தால் பரிசல் ஓட்டவும் அருவியில் குளிக்கவும் தடை வரும். 2024 ஜூலை, ஆகஸ்டில் அப்படித்தான் ஆனது. பாதுகாப்புக்காகப் போடும் தடையில் குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனால் அந்த நாட்களில் அடுப்பு எரியாத வீடுகள் உண்டு. சுற்றுலாவைப் பெரிதும் நம்பினால் ஒரு நாட்டுக்கும் இதே கதிதான். இலங்கைக்கு 2018இல் 23 லட்சம் வெளிநாட்டுப் பயணிகள் வந்தார்கள். ஈஸ்டர் குண்டுவெடிப்பும் கொரோனாவும் அடுத்தடுத்து வர, 2020இல் அது சுமார் 5 லட்சமானது. அந்த நாடு பிறகு பட்ட பொருளாதாரப் பாட்டில் இந்தச் சரிவுக்கும் பங்கு இருந்தது. நம் வட்டாரத்துக்குச் சிப்காட் தொழிற்சாலைகள் உண்டு, ரோஜாவும் காய்கறியும் மாம்பழமும் உண்டு. சுற்றுலா இவற்றோடு சேரும் துணை வருமானமாக இருக்க வேண்டும். இவற்றின் நிலத்தையும் நீரையும் தின்று வளரக் கூடாது.

யானை விஷயத்தில் எங்களுக்கு விட்டுக்கொடுப்பு கிடையாது. ராகி முற்றும் பருவத்தில் பன்னேர்கட்டா காடுகளிலிருந்து யானைக் கூட்டங்கள் ஜவளகிரி, தேன்கனிக்கோட்டை வழியாக வந்து சானமாவு காட்டில் தங்கி, சூளகிரி வரை போகின்றன. பேரண்டப்பள்ளி அருகே தேசிய நெடுஞ்சாலையையே கடக்கின்றன. அந்த நாட்களில் விவசாயி இரவெல்லாம் பரண்மேல் விழித்திருக்கிறார். பயிரும் போகிறது, சில சமயம் உயிரும் போகிறது. 2014இல் அறிவிக்கப்பட்ட சரணாலயத்தின் ஓரத்தில் ஒருவர் மின்வேலி போட்டு, இரவு விளக்கும் பாட்டுமாக விடுதி நடத்தினால், யானை சும்மா திரும்பிப் போகாது. பக்கத்து ராகிக் கொல்லைக்குள் இறங்கும். லாபம் விடுதிக்காரருக்கு, நட்டம் கொல்லைக்காரருக்கு. இதை எந்த வளர்ச்சிக் கணக்கிலும் எழுத முடியாது.

தண்ணீரும் அப்படித்தான். நிலத்தடி நீரில் ஃபுளோரைடு கலந்திருப்பதால்தான் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்கு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே 2013இல் வந்தது. குடிக்கும் நீருக்கு இத்தனை பாடுபட்ட மண்ணில் நீச்சல் குளத்துக்காக ஆழ்துளைக் கிணறு போட விடுவது நியாயமா? கெலவரப்பள்ளி அணையைப் பாருங்கள். பெங்களூருவின் கழிவு கலந்து வரும் தென்பெண்ணை, மதகு திறக்கும்போது வெள்ளை நுரையாகப் பொங்குகிறது, நாற்றம் அடிக்கிறது. அந்தக் கரையில் பூங்காவும் படகுத்துறையும் அமைத்து என்ன பயன்? ஆற்றைச் சுத்தப்படுத்தக் கர்நாடக அரசிடம் பேசுவதையும் சுற்றுலாத் துறை தன் வேலையாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

எங்களிடம் காட்ட வேண்டியது நிறைய இருக்கிறது. நெடுஞ்சாலையில் சாமல்பள்ளத்திலிருந்து சிறிது தூரத்தில் மல்லச்சந்திரம். அங்கே பாறைக்குன்றின் மேல் பெருங்கற்காலக் கல்திட்டைகள் கூட்டம் கூட்டமாக நிற்கின்றன. நாலு பக்கமும் பலகைக் கல், மேலே மூடு கல், ஒரு பலகையில் வட்டமாகக் குடைந்த துளை. சிலவற்றின் உள்ளே வெள்ளை நிறத்தில் ஓவியம். இவ்வளவு இருந்தும் நெடுஞ்சாலையில் போகிற ஆயிரக்கணக்கான வண்டிகளில் ஒன்றிரண்டுகூட அங்கே திரும்புவதில்லை. பர்கூர் பக்கம் மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பு 4,200 ஆண்டுகள் பழமையானது என்று 2022 மே மாதம் சட்டப்பேரவையில் முதலமைச்சர் அறிவித்தார். மைசூர்ப் போர்களைக் கண்ட ராயக்கோட்டை, ராஜாஜி பிறந்த தொரப்பள்ளி வீடு, 1957இல் திறக்கப்பட்ட கிருஷ்ணகிரி அணை, அதையொட்டிய மீன் வறுவல் கடைகள், ஆண்டுதோறும் நடக்கும் மாங்கனிக் கண்காட்சி என்று சொல்லிக்கொண்டே போகலாம். இவை எதற்கும் காட்டை வெட்ட வேண்டாம். பயிற்சி பெற்ற உள்ளூர் இளைஞர்கள் வழிகாட்டிகளாக வேண்டும், அரசுப் பேருந்து வேண்டும், சுத்தமான கழிப்பறை வேண்டும், கல்திட்டைகளைச் சுற்றிக் கல்குவாரி வராமல் உறுதியான தடை வேண்டும். பெங்களூரா மாங்காய்க்கு விலை விழுந்து தவிக்கும் விவசாயி, தன் தோப்பில் வந்தவருக்குப் பழத்தை நேரடியாக விற்க வழி செய்ய வேண்டும். கூழ் ஆலை கொடுக்கும் விலையைவிட அது நிச்சயம் மேலாக இருக்கும்.

பெட்டமுகிலாளம் போன்ற மலைக் கிராமங்களுக்குப் போகும் வண்டிகளுக்கு எண்ணிக்கை வரம்பு வேண்டும். உயர் நீதிமன்ற உத்தரவுப்படி நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே 7 முதல் இ-பாஸ் வந்தது. அங்கே நெரிசல் முற்றிய பிறகு செய்ததை இங்கே முன்கூட்டியே செய்யலாம். மலைப்பாதையில் வசூலாகும் நுழைவுக் கட்டணத்தில் பாதிக்குக் குறையாமல் அந்தந்த ஊராட்சிக்குச் சேர வேண்டும், கணக்கு ஊர்ப் பலகையில் எழுதப்பட வேண்டும். சுற்றுலாவின் பெயரால் இருளர் குடியிருப்புகளைக் காட்சிப்பொருளாக்குவதை நாங்கள் கடுமையாக எதிர்க்கிறோம். அவர்கள் விரும்பி நடத்தும் தேன், மூலிகை விற்பனைக்கும் தங்கும் வீடுகளுக்கும் முழு ஆதரவு தருவோம்.

2,000 ஏக்கரில் ஓசூருக்கு விமான நிலையம் என்று 2024 ஜூனில் அறிவிப்பு வந்ததிலிருந்து நில விலை பற்றிய பேச்சுதான் எங்கும். விதிமுறைகள் இப்போதே எழுதப்படாவிட்டால், பிறகு எழுத இடமே இருக்காது. எனவே தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, சூளகிரி வட்டங்களின் ஊராட்சிகள் அனைத்தும், வனத்துறையின் ஒப்புதலும் கிராம சபையின் தீர்மானமும் இல்லாமல் விடுதிக்கும் மனைப்பிரிவுக்கும் அனுமதி இல்லை என்று வரும் கிராம சபைக் கூட்டத்திலேயே தீர்மானம் போட வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறோம். வரைவுத் தீர்மானத்தை எங்கள் உறுப்பினர்கள் ஊர் ஊராகக் கொண்டு வருவார்கள். எந்த வரியை மாற்ற வேண்டும் என்பதை ஊர் சொல்லட்டும்.