ஒரு விநாடியில் தீர்ப்பு எழுதாதீர்கள்

கேவிஎம் சர்வரில் எந்த விஎம் டிஸ்க்கில் அதிகம் எழுதுகிறது என்று தெரிய, ஐயோடாப்பைத் திறந்து முதல் வரியைப் பார்த்தால் போதும் என்கிறார் அனுபவமுள்ள நிர்வாகி ஒருவர். அந்த விஎம்முக்கு வேக வரம்பு போட்டுவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்று புதிதாக வேலைக்கு வருபவர்களுக்கும் சொல்லிக்கொடுக்கிறார். இது சோம்பேறித்தனம், அநியாயமும்கூட.

ஐயோடாப் காட்டுவது வேகம், அதுவும் விநாடிக்கு விநாடி. எஸ்எஸ்டியைத் தேய்ப்பதோ எழுதிய மொத்தம். விநாடிக்கு 300 எம்பி வீதம் பத்து விநாடி ஓடி நின்றுவிடும் பேக்கப் எழுதியது 3 ஜிபிதான். விநாடிக்கு 5 எம்பி வீதம் ராப்பகலாக லாக் எழுதும் விஎம் ஒரே நாளில் 432 ஜிபி எழுதிவிடும். வருடத்துக்கு 150 டிபிக்கு மேல். 600 டிபி வரை எழுதலாம் என்ற உத்தரவாதத்தோடு வரும் எஸ்எஸ்டிக்கு அந்த அளவு நான்கு வருடத்துக்குள் தீர்ந்துபோகும். இவர் வழியில் போனால் வரம்பு விழுவது பேக்கப் எடுத்தவர் தலையில். ஐயோடாப்பிலேயே மொத்தம் காட்டும் ஆப்ஷன் இருக்கிறதே என்பார். அது கூட்டத் தொடங்குவது நாம் ஐயோடாப்பைத் திறந்த பிறகுதான். நேற்று ராத்திரி நடந்தது அதற்குத் தெரியாது.

அடுத்து அவர் சொல்வதுதான் அபத்தத்தின் உச்சம். விர்ஷ் டொம்பிளாக்ஸ்டாட் ஒரு எண் சொல்கிறது, அந்த விஎம்மை ஓட்டும் க்யூஎம்யூ ப்ராசஸின் கணக்கு வேறொன்று சொல்கிறது, ஆகவே இரண்டும் உதவாது என்கிறார். இரண்டும் வேறாக இருப்பதில் பிழையே இல்லை. முதலாவது, விஎம் எழுதச் சொல்லிக் கேட்ட அளவு. இரண்டாவது, அதற்காக க்யூஎம்யூ ஹோஸ்டில் எழுதிய அளவு. டெம்ப்ளேட் இமேஜின் மேல் உட்கார்ந்திருக்கும் க்யூகவ்2 டிஸ்க்கில், இதுவரை தொடாத இடத்தில் விஎம் 4 கேபி எழுதினால், க்யூஎம்யூ மீதிப் பகுதியை டெம்ப்ளேட்டிலிருந்து நகலெடுத்து, வழக்கமான அமைப்பில் 64 கேபி கிளஸ்டரையே நிரப்ப வேண்டியிருக்கிறது. மெட்டாடேட்டா தனி. இங்கே குற்றவாளி விஎம்மா, நாம் தேர்ந்தெடுத்த டிஸ்க் அமைப்பா என்பதைச் சொல்வதே அந்த இரண்டு எண்களின் வித்தியாசம்தான். அதைத் தூக்கி எறியச் சொல்பவர் எதை வைத்துத் தீர்ப்புச் சொல்கிறார்?

அவர் நம்பும் ஐயோடாப் தன் எண்களை எடுப்பதும், அவர் நம்பாத அந்த ப்ராசஸ் கணக்கை வைத்திருக்கும் அதே கெர்னலிடமிருந்துதான். விஎம் டிஸ்க்கின் கேஷ் ரைட்பேக்கில் இருந்தால், எழுதியது அந்தக் கணக்கில் ஏறுவது மெமரியில் பேஜ் அழுக்காகும்போது. டிஸ்க்குக்குப் போவது பிறகு, கெர்னலின் வேறொரு த்ரெட் வழியாக. டிஸ்க் எல்லையைத் தொட்டுவிட்டது என்பதற்கு ஐயோஸ்டாட்டின் யுட்டில் 100 சதவீதம் என்று அவர் காட்டும் சாட்சியமும் நிற்காது. எஸ்எஸ்டி, ரெய்டு இவற்றின் திறன் எல்லையை அந்த எண் காட்டாது என்று அதன் மேன் பக்கத்திலேயே இருக்கிறது.

செய்ய வேண்டியது கடினமும் இல்லை. ஒவ்வொரு விஎம்முக்கும் டொம்பிளாக்ஸ்டாட்டின் ரைட் பைட்ஸை மணிக்கு ஒருமுறை குறித்து, முந்தையதைக் கழிக்க வேண்டும். விஎம்மை நிறுத்தி மறுபடி கிளப்பினால் அது பூஜ்யத்திலிருந்து தொடங்கும் என்பதால்தான் மணிக்கணக்கு. சிகுரூப் 2 இருந்தால் ஐஓ ஸ்டாட் ஃபைலையும் அதோடு சேர்த்துக் குறிக்கலாம். ஒரு வாரக் கணக்கு கையில் இல்லாமல் எந்த விஎம் மேலும் அவர் வரம்பு போடக் கூடாது. ஏற்கெனவே போட்டதை இன்றே எடுக்க வேண்டும்.