நட்டத்தைச் சொல்லும் சொற்கள்

பலர் சேர்ந்து உழைப்பதைக் குறிக்க இன்றைய அலுவல் தமிழும் ஆய்வுத் தமிழும் கையாளும் சொற்கள் கூட்டுறவு, ஒருங்கிணைப்பு, பங்கேற்பு, குழு என்பவை. இவை சேர்ந்திருத்தலைச் சொல்லுகின்றனவே தவிர, சேர்ந்தவர்களுக்கிடையே வரவும் நட்டமும் எவ்வாறு பிரிகின்றன என்பதைச் சொல்லுவதில்லை. சேலம், நாமக்கல் சமவெளியில் உழவரிடமும் தறிக்காரரிடமும் கோழிப்பண்ணையாளரிடமும் புழங்கும் சொற்களோ அந்தப் பிரிவினையையே முதலில் சொல்லுபவை.

உழவில் இதற்குத் தெளிவான சான்று வாரமும் குத்தகையும் ஆகும். விளைந்ததில் இன்ன பங்கு என்று பேசி நிலத்தை விடுவது வாரம். விளைந்தாலும் விளையாவிட்டாலும் இன்ன தொகை என்று பேசி விடுவது குத்தகை. மழை பொய்த்த ஆண்டில் வாரத்தில் நிலக்காரருக்கும் உழுதவருக்கும் சேர்ந்தே குறைகிறது. குத்தகையில் குறைவு முழுவதும் உழுதவர் தலையில் விழுகிறது. பாகப்பிரிவினையில் நிலம் துண்டுபட்ட பிறகும் பொதுவாக நிற்கும் கிணற்றில் ஒவ்வொருவருக்கும் உள்ள பங்கு நான்கில் ஒன்று, எட்டில் ஒன்று எனப் பத்திரத்தில் எழுதப்படுகிறது. தண்ணீர் இறைத்துக்கொள்ளும் உரிமை அந்தப் பங்குக்கேற்ற 'முறை'யாக வருகிறது. கிணற்றை ஆழப்படுத்தும் செலவும் அதே கணக்கில் பிரிகிறது.

விசைத்தறியில் இதே வேலையைச் செய்யும் சொல் 'பாக்கி'. குமாரபாளையம், பவானி வட்டாரத் தறிப்பட்டறைகளில் தொழிலாளி வேலைக்குச் சேரும்போது முதலாளியிடம் பெறும் முன்பணத்துக்கு இப்பெயர் வழங்குவதையும், அதைத் தீர்க்காமல் வேறு பட்டறைக்குச் செல்ல இயலாமையையும், புதிய முதலாளி பழைய பாக்கியை அடைத்து ஆளை அழைத்துக்கொள்ளும் வழக்கத்தையும் மானிடவியலர் கீர்ட் டி நெவே 1999இல் வெளிவந்த கட்டுரையில் விரிவாக ஆராய்ந்தார். ஆள் தட்டுப்பாடு உள்ள காலத்தில் தொழிலாளிகளே கூடுதல் பாக்கி கேட்டு வாங்கியதையும் அவர் கண்டதால், அதைக் கொத்தடிமை என்ற ஒரே சொல்லில் அடக்குவது போதாது என்பதும் புலனாகிறது. 1976ஆம் ஆண்டின் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டத்தின் மொழியும் பட்டறையின் மொழியும் ஒரே உறவின் வேறு வேறு பக்கங்களைக் காட்டுகின்றன. பட்டறையின் சொல் யார் யாருக்குக் கடன்பட்டவர் என்பதை ஒளிக்காமல் காட்டுகிறது.

கறிக்கோழி வளர்ப்பில் நிலைமை இன்னும் நுட்பமானது. ஒப்பந்த முறையில் குஞ்சு, தீவனம், மருந்து ஆகியவற்றை நிறுவனம் தருகிறது. கொட்டகை, தண்ணீர், மின்சாரம், உழைப்பு ஆகியவை பண்ணையாளருடையவை. கோழி நிறுவனத்தின் உடைமை என்பதால், கறியின் சந்தை விலை சரிந்தால் அந்த நட்டம் நிறுவனத்தையும், கொட்டகைக் கடனும் ஏறும் மின்கட்டணமும் பண்ணையாளரையும் சேருகின்றன. எடைக் கணக்கில் அவருக்குக் கிடைக்கும் தொகையின் பெயர் 'வளர்ப்புக் கூலி'. நிலமும் கொட்டகையும் உடைய ஒருவர், தாம் வளர்க்கும் கோழியைப் பொறுத்தவரை கூலிக்காரராக நிற்கிறார் என்பதை, ஒப்பந்தப் பண்ணையம் என்ற மரியாதையான சொல் மறைக்கிறது; கூலி உயர்வு கேட்கும் பண்ணையாளரின் சொல் வெளிப்படுத்துகிறது. முட்டையிலும் இதே இரட்டை வழக்கு உண்டு. 1982இல் தோன்றிய தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு விலையை அறிவிக்கிறது. அதற்கும் வியாபாரி உண்மையில் கொடுப்பதற்கும் இடையிலுள்ள குறைவை நாமக்கல் சந்தை 'மைனஸ்' என்கிறது. ஒருங்கிணைப்பு எங்கே முடிகிறது என்பதை அளந்து காட்டுவது இந்தக் கொச்சைச் சொல்லே.

கூட்டுறவு என்ற சொல்லும் இவ்வகையில் ஆராயத்தக்கது. 1981இல் சேலத்தில் அமைந்த சேகோசர்வ், ஜவ்வரிசி, ஸ்டார்ச் உற்பத்தியாளர்களின் தொழிற்கூட்டுறவுச் சங்கம். ஆலைகளின் சரக்கைக் கிடங்கில் வைத்து ஏலத்தில் விற்றுத் தருவது அதன் முதன்மைப் பணி. அதன் உறுப்பினர் ஆலைக்காரர்கள் என்பதால், மரவள்ளிக் கிழங்கை விளைவிக்கும் உழவர் அந்தக் கூட்டுக்கு வெளியே நின்று, மாவுச்சத்தின் அளவான 'பாயிண்ட்' கணக்கில் கிழங்குக்கு விலை பெறுகிறார். சங்கத்தின் பயனை இது குறைப்பதன்று. ஆயினும் கூட்டுறவு என்றவுடன் யாருக்கும் யாருக்கும் இடையிலான உறவு என்று கேட்க வேண்டிய தேவையை இது உணர்த்துகிறது.

கி. ராஜநாராயணனின் வட்டார வழக்குச் சொல்லகராதி கரிசல் நிலத்துக்கும், பெருமாள்முருகனின் கொங்கு வட்டாரச் சொல்லகராதி இந்நிலத்துக்கும் செய்த பணியைத் தொழில்தோறும் நீட்டிக்க வேண்டிய காலம் இது. அவ்வாறு தொகுப்போர் பாக்கி, முறை, வளர்ப்புக் கூலி, மைனஸ் போன்ற சொற்களுக்குப் பொருளை மட்டும் எழுதி நிறுத்தாமல், அந்த ஏற்பாட்டில் முதல் யாருடையது, நட்டம் யாரைச் சேரும், விலகிச் செல்ல யாருக்கு உரிமை உண்டு என்ற மூன்றையும் பதிவு செய்தல் வேண்டும். கூட்டுறவு, ஒருங்கிணைப்பு, பங்கேற்பு ஆகிய சொற்களைக் கட்டுரைகளில் கையாள்வோரும் அதே மூன்று கேள்விகளுக்கு விடை எழுதிய பிறகே அவற்றைக் கையாள வேண்டும் என இவ்விதழ் கோருகிறது. விடை எழுத இயலாத இடத்தில் அச்சொற்கள் உழைப்பை விளக்குவதில்லை, அதை நடத்துவோரின் விளம்பரத்தைத் திரும்பச் சொல்லுகின்றன.